நான்காம் லெம்மாவில் நான் வெட்டிய வாக்கியம்

காலை எட்டு நாற்பது. கல்லூரி வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஃபிளெக்ஸ் பலகை. எட்டடி உயரம். அதில் என் ஆய்வு மாணவி அமலி சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே ‘முனைவர் பட்டம் பெற்ற எங்கள் பேராசிரியை’ என்று சிவப்பு எழுத்து. அவருடைய வாய்மொழித் தேர்வு பதினொரு மணிக்கு. பட்டத்துக்கும் தேர்வுக்கும் இடையே இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம் இருந்தது. நிர்வாகத்துக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

இந்த ஆண்டு முதன்முதலாக ஆய்வு வழிகாட்டிகளாகியிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். வழிகாட்டி என்றால் மாணவரைவிட அதிகம் தெரிந்தவர் என்று உங்கள் நியமனக் கடிதம் சொல்லும். நானும் பல ஆண்டு அதை நம்பினேன்.

திண்டுக்கல்லில் நாங்கள் என்ன ஆராய்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். இதற்கு கிராஃப் என்று பெயர். புள்ளியை ஆள் என்றும், கோட்டைப் பேச்சுவார்த்தை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சிலரை வெளியே அனுப்பிவிட்டால், மிஞ்சுகிறவர்கள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிய வேண்டும். ஒரு குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் பேச வேண்டும். குழுவுக்கு வெளியே யாரோடும் பேச்சு இருக்கக் கூடாது. அதிகபட்சம் இத்தனை பேரைத்தான் அனுப்பலாம் என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அதை கே என்போம். கே பேரை அனுப்பி வேலையை முடிக்க முடியுமா, முடியாதா? கேள்வி அவ்வளவுதான்.

லட்சம் புள்ளி இருந்தால் கணினி திணறும். அதனால் விடை கெடாமல் கிராஃபைச் சுருக்குவது முதல் வேலை. மட்டை, நார், ஓடு எல்லாம் உரித்தபின் தேங்காயில் பருப்பு மிஞ்சுவதுபோல ஒன்று மிஞ்சும். அதைத்தான் கெர்னல் என்கிறோம். ஆரம்பத்தில் எத்தனை புள்ளி இருந்தாலும் சரி, மிஞ்சுவது கே-யை வைத்தே சொல்லக்கூடிய அளவுக்குள், கே பெருக்கல் கே பெருக்கல் கே என்பதுபோல ஒன்றுக்குள், அடங்க வேண்டும். அடங்குகிறது என்று சில விதிகளைக்கொண்டு காட்டியிருந்தார் அமலி. அதுதான் அவருடைய ஆய்வேடு.

அந்த விதிகளில் நான்காவது எளிமையானது. ஒரு புள்ளியைப்போலவே அச்சு அசலாகத் தொடர்புகள் உள்ள வேறு புள்ளிகள் கே-யைவிட ஒன்று கூடுதலாக இருந்தால், அந்தப் புள்ளியைத் தயங்காமல் நீக்கலாம். மற்றவர்களில் கே பேரைத்தான் அனுப்ப முடியும்; ஒருவராவது மிஞ்சுவார்; இவர் செய்யும் தொந்தரவை அந்த ஒருவரே செய்துவிடுவார். இவர் எதற்கு?

நான் கணிதத்துக்கு வருவதற்கு முன் தொண்ணூறுகளில் சில ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது வெட்டுவது. ஒரு தைப்பூசத்துக்கு முதல் நாள், பழனி பஸ்கள் வழக்கமான இடத்திலிருந்து புறப்படாது, ஊருக்கு வெளியே வேறொரு மைதானத்திலிருந்து புறப்படும் என்று செய்தி வந்தது. மாவட்டப் பக்கத்தில் ஒரு பிரதி, கடைசிப் பக்கத்தில் ஒரு பிரதி. மாவட்டப் பக்கம் என்னுடையது. கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறதே என்று நான் வெட்டினேன். மாவட்டப் பக்கத்தில்தான் இருக்கிறதே என்று கடைசிப் பக்கத்துக்காரர் வெட்டினார். மறுநாள் காலை காவடியோடும் பால் குடத்தோடும் ஒரு கூட்டம் பழைய இடத்தில் நின்று வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்குத் தலைமை உதவி ஆசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“ஏய்யா, ஒருத்தன் கொன்னா கொலை. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக் கொன்னா அதுக்கு என்னய்யா பேரு?”

கடைசிப் பக்கத்துக்காரர், “அண்ணே, நான் வெட்டுறப்ப அவரு பக்கத்துல இருந்துச்சுண்ணே” என்றார். நானும் அதையேதான் சொன்னேன். இரண்டுமே உண்மை.

இந்த அனுபவம் உள்ளவன் பிற்பாடு அதே தவறைச் செய்ய மாட்டான் என்று நீங்கள் நினைக்கலாம். அனுபவத்தைப் பற்றி அப்படியொரு நல்ல அபிப்பிராயம் எல்லோருக்கும் உண்டு.

இனி வாய்மொழித் தேர்வு நாள். ஏப்ரல் மாதம். மின்வெட்டு முறை வைத்து வந்த ஆண்டுகளில் ஒன்று; எங்கள் பகுதிக்குப் பத்து முதல் பன்னிரண்டு. எட்டு ஐம்பத்தைந்துக்கு நத்தம் பஸ்ஸிலிருந்து இறங்கிய அமலி, ஃபிளெக்ஸ் பலகையைத் திரும்பிப் பார்க்காமல் நேராக என் அறைக்கு வந்தார். பட்டுப் புடவை. கையில் தேர்வு அழைப்பிதழ். அதன் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஆறு புள்ளிகள்.

“சார், நாலாவது லெம்மா தப்பு.”

“எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

“பஸ்லதான் சார். அப்பா, சித்தப்பா எல்லாம் வேன்ல வாராக. அவுகளுக்கும் புரியுற மாதிரி சின்னதா ஒரு உதாரணம் சொல்லலாம்னு போட்டுப் பாத்தேன். புரியுற மாதிரி போட்டா தப்பு தெரியுது.”

லெம்மா என்றால் பெரிய தேற்றத்தைத் தாங்கி நிற்கும் சிறிய தேற்றம்; முன்பு சொன்ன நான்காவது விதியைச் சொல்வது இந்த நான்காவது லெம்மா. ஆறு புள்ளிகளை எங்கள் ஆசிரியர் அறையாக எண்ணிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மூன்று பேராசிரியர்கள், ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். மூன்று அலுவலக உதவியாளர்கள். தங்களுக்குள்ளும் பேசுவார்கள், மூன்று பேராசிரியர்களோடும் பேசுவார்கள். ஒருவரைத்தான் வெளியே அனுப்பலாம். ஒருவரை அனுப்பி வேலையை முடிக்க முடியாது, பேராசிரியர்களில் இரண்டு பேராவது போக வேண்டும். ஆனால் ஆய்வேட்டின் விதிப்படி என்ன ஆகிறது? முதல் உதவியாளரைப்போலவே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆகவே அவர் வேண்டாம். இரண்டாமவருக்கும் அதே நியாயம். மூன்றாமவருக்கும் அதே. விதி, ‘இத்தகைய புள்ளிகளை நீக்குக’ என்கிறது. மூவரும் ஒரே வீச்சில் போகிறார்கள். பேராசிரியர்கள் மூவரும் யாரோடும் பேசாமல் தனித்தனியே மிஞ்சுகிறார்கள். சிக்கல் தீர்ந்தது, யாரையும் அனுப்பத் தேவையில்லை என்று விடை வருகிறது. பல நிர்வாகங்கள் இந்த முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் கணிதத்தில் இதற்குத் தவறு என்று பெயர்.

“நிரூபணம் சரியாத்தான இருக்கு?” என்றேன்.

“நிரூபணம் ஒரு புள்ளிய எடுக்குறதுக்கு சார். விதி எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுது.”

“ஒண்ணுன்னு எழுதாம ஏன் விட்டீங்க?”

அமலி பையிலிருந்து பழைய கைப்பிரதியை எடுத்து, பக்கத்தைத் திறந்து என் மேசையில் வைத்தார். ஆய்வேடு ஆங்கிலத்தில், பொருளைத் தமிழில் சொல்கிறேன். அவர் எழுதியிருந்தது: ‘இத்தகைய புள்ளிகளுள் ஒன்றை மட்டும் நீக்குக. நீக்கியபின் மிஞ்சிய எல்லாப் புள்ளிகளையும் புதிதாகச் சோதித்து, இன்னும் இத்தகைய புள்ளி இருந்தால் மீண்டும் இவ்வாறே செய்க.’ அதன் குறுக்கே நீலப் பென்சில் கோடு. ஓரத்தில் ‘வளவள’ என்று தமிழில் ஒரு குறிப்பு. அதற்குக் கீழே சுருக்கமாக, ‘இத்தகைய புள்ளிகளை நீக்குக.’

கையெழுத்து என்னுடையது. அழகான கையெழுத்து என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். என் மனதில் முதலில் வந்தது கணிதமல்ல, அமலியும் அல்ல. இந்தக் கைப்பிரதியை வேறு யாரும் பார்த்திருக்கிறார்களா என்ற கேள்விதான் வந்தது. இரண்டாவதாக வந்ததை வாய்விட்டே சொன்னேன்.

“அச்சுப் பிழைன்னு சொல்லிரலாம். திருத்தத் தாள் ஒண்ணு ஒட்டுனா முடிஞ்சுபோச்சு.”

“லெம்மாவுல அச்சுப் பிழை, சரி. அஞ்சாவது அத்தியாயத்துல?”

ஐந்தாவது அத்தியாயத்தில் அட்டவணை இருந்தது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி கிராஃப்களை எங்கள் விதிகளால் சுருக்கி, எவ்வளவு மிஞ்சியது என்று காட்டும் அட்டவணை. நம்ப முடியாத அளவுக்குச் சுருங்கியிருந்தன. நம்ப முடியாததை ஏன் நம்பினோம் என்று கேட்காதீர்கள். நமக்குச் சாதகமான எண்ணை யாரும் இரண்டாம் தடவை கூட்டிப் பார்ப்பதில்லை.

“நீங்க திருத்துன வாக்கியத்தப் பாத்துத்தான் சார் புரோகிராம் எழுதுனேன்.”

ஆய்வகத்துக்கு ஓடினோம். மின்சாரம் போக ஐம்பது நிமிடம் இருந்தது. புரோகிராமில் மாற்ற வேண்டியது மூன்று வரி. அமலி அதை ஐந்து நிமிடத்தில் மாற்றினார். மற்ற நேரமெல்லாம் கணினி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிக்குத் திரை அணைந்தபோது, ஒன்பது கிராஃப்களில் எட்டுக்கு விடை வந்திருந்தது. ஐந்தில் மிஞ்சிய புள்ளிகள் முன்பைவிடப் பல மடங்கு. இரண்டில் விடையே மாறியிருந்தது. ‘முடியும்’ என்று அச்சிட்டிருந்தோம். முடியாது.

இதில் ஓர் ஆறுதல், தேற்றம் சாகவில்லை. ஒன்றை எடுத்து, மறுபடி எண்ணி, பிறகு அடுத்ததை எடுத்தால் விதி சரி. ஆய்வேடு சொன்ன அளவுக்குள்தான் கெர்னல் வரும். இதில் ஓர் ஆபத்து, அமலியின் வேலை. அவர் சுயநிதிப் பிரிவில் ஒப்பந்த விரிவுரையாளர். மே மாதம் முடிவதற்குள் முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அன்றைக்குத் தேர்வு முடிந்தால் பட்டமும் வேலையும் நிச்சயம். ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பினால், பல்கலைக்கழகத்தின் நடையை நீங்கள் அறிவீர்கள்.

இதை அவரும் அறிவார். அறிந்துதான் முதல்வர் அறைக்கு என்னோடு நடந்தார். முதல்வர் பழனிப் பக்கத்துக்காரர். மரியாதை குறையாமல் மிரட்டத் தெரிந்தவர்.

“ஏனுங்க சார், ஒரு வார்த்தை விட்டுப்போச்சுன்னு வைவாவையே நிறுத்தோணுமுங்களா? ஃபிளெக்ஸ் கட்டியாச்சுங்க. முப்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சுங்க. வந்திருக்கற தேர்வாளரு கேட்டாருங்களா?”

“கேக்கல சார்” என்றேன்.

“கேக்காதவருகிட்ட நாம போய் எதுக்குங்க சொல்லோணும்?”

“நான் சொல்லிர்றேன் சார்” என்றார் அமலி.

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பதினொரு மணிக்குக் கருத்தரங்கக் கூடம். வெளித் தேர்வாளரை முன்னிட்டு ஜெனரேட்டர் ஓடியது. அவர் சென்னை ரயிலில் காலையில் வந்து, விடுதியில் குளித்து, நெற்றியில் புதிய விபூதியோடு இருந்தார். அவருடைய அறிக்கை முன்பே வந்திருந்தது. அட்டவணைகள் வியக்கத்தக்கவை என்று அதில் எழுதியிருந்தார். அமலியின் சுருக்கவுரையிலும் அதே சொல்தான் இருந்தது. தேர்வாளருக்குச் சொல் கிடைத்த இடம் அது என்பது என் ஊகம். பின் வரிசைகளில் நத்தம் வேனில் வந்தவர்கள். அமலியின் தந்தை முதல் ஆளாக, சட்டைப் பையில் பேனாவோடு.

அமலி வணக்கம் சொன்னார். அடுத்த வாக்கியமே, “அறுபத்தோராம் பக்கத்துல நாலாவது லெம்மா தப்பு சார். அதனால அஞ்சாம் அத்தியாயத்து அட்டவணையும் தப்பு” என்பதுதான். கரும்பலகையில் ஆறு புள்ளிகளைப் போட்டார். நல்ல விளக்கம். பின் வரிசையில் ஒருவர், “மூணு பேரையும் தூக்கிட்டா அப்புறம் யாருப்பா வேலை பாக்குறது?” என்று பக்கத்தில் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. என் வாழ்நாளில் எந்த ஆய்வரங்கிலும் அதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை.

தேர்வாளர் முதலில் சிரித்தார். “பரவாயில்லம்மா, டைப்பிங் மிஸ்டேக்தான? ரொம்ப நேர்மையா இருக்கீங்க” என்றார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அமலி புதிய அட்டவணையைக் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்து, இரண்டு விடைகள் மாறியதைக் காட்டினார். தேர்வாளரின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. வியக்கத்தக்கவை என்று கையெழுத்திட்டவர் அவர். இப்போது அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது: படிக்காமல் கையெழுத்திட்டவர் ஆவது, அல்லது கண்டிப்பானவர் ஆவது. அரை நிமிடத்தில் கண்டிப்பானவர் ஆகிவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுபத்தோராம் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தார் என்று நினைக்கிறேன். படித்ததும் உண்மையிலேயே நல்ல கேள்வி ஒன்று கேட்டார்.

“நிரூபணத்துல ஒவ்வொரு வரியும் விளக்கமா எழுதியிருக்கீங்க. இந்த ஒரு வரி மட்டும் வேற ஆள் எழுதுன மாதிரி இருக்கு. முதல் பிரதியிலயும் இப்படித்தான் இருந்துச்சா?”

அமலி என் பக்கம் திரும்பினார். கெஞ்சும் பார்வை இல்லை. பேச்சை என்னிடம் கொடுத்த பார்வை, அவ்வளவுதான்.

நான் சொல்ல வேண்டியது இரண்டு சொல்: நான்தான் வெட்டினேன். நாளிதழில் இருந்தவன், சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தவன். முதல்வர் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் அவர் மேசையில் இருந்தது. இதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சொல்லலாமே, இந்தக் கூட்டத்தில் எதற்கு, என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்துக்கு நான்கு வினாடி ஆகியிருக்கும்.

“நான் எழுதுனதுதான் சார்” என்றார் அமலி.

நீங்கள் எதிர்காலத்தில் இப்படி உட்கார்ந்திருப்பீர்கள். லெம்மாவில் தவறு வரும். அது பெரிய விஷயமில்லை. எந்த விதியையும் ஒரு தடவைக்கு ஒன்றாகச் செலுத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு கிராஃபை முதலிலிருந்து பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் தேவையில்லை; இப்போது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாதது அந்த நான்கு வினாடி. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கும்போது, அதற்குள் வேறொருவர் சொல்லிவிடுவார். அவர் சொன்ன பிறகு நீங்கள் சொன்னால் அது பெருந்தன்மை என்று பெயர் வாங்கும். உண்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சோதித்தும் பார்த்தேன். தேர்வுக் குறிப்பு தட்டச்சாகி வந்தது. ‘மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை, அத்தியாயங்களைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.’ அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. பழக்க தோஷத்தில் அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டேன். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன்: வாக்கியத்தை வெட்டியது நான், கைப்பிரதியின் நகல் இணைப்பு. கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. குறிப்பில் நானே கையெழுத்திட்டிருப்பதைச் சுட்டி, இனி மாற்ற இயலாது என்றும் அதில் இருந்தது. முதல்வர் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, “மாணவி மேல உங்களுக்கு ரொம்பப் பாசமுங்க” என்றார்.

அன்று கூடத்துக்கு வெளியே அமலி என்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

“அப்பாகிட்ட நீங்க சொல்லிருங்க சார். எனக்குச் சொல்ல வரல. தப்பு யாருதுன்னெல்லாம் சொல்ல வேணாம். இன்னிக்கு முடியலன்னு மட்டும்.”

“நான் உள்ளயே சொல்லியிருக்கணும், அமலி.”

“ஆமா சார்” என்றார்.

அவர் தந்தை வேனுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.

“அம்புட்டுத் தப்பா சார்? நீங்கல்லாம் பாத்துத்தான குடுத்தீக?”

“பாத்தோம்” என்றேன்.

“பாத்துமா?”

முப்பது பேருக்குச் சொன்ன சாப்பாட்டைத் தேர்வாளரும் நாங்களும் சாப்பிட்டோம். நத்தம்காரர்கள் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள்.

அமலி ஒன்பதாவது கிராஃபையும் ஓட்டி முடித்து, மே முதல் வாரத்திலேயே திருத்திய ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை நான் பென்சிலைத் தொடவில்லை. பல்கலைக்கழகம் அதைப் படிக்க அடுத்த ஆண்டு மார்ச் வரை எடுத்துக்கொண்டது.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது வந்த கால அட்டவணையில், அமலியின் நான்கு வகுப்புகளும் என் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தன.